வீடே போன பிறகு பூனை எந்த வீட்டோடு இருக்கும்?

“நாய் ஆளோடு வரும், பூனை வீட்டோடு இருக்கும்.” திருவனந்தபுரம் வலியசாலையில் வீட்டைக் காலி செய்கிறவர்களிடம் பூனையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் இதுதான். கூடவே இன்னொன்றும் வரும்: “ரெண்டு நாள் கத்தும், அப்புறம் பழகிடும்.” காந்தளூர் மகாதேவர் கோவிலை ஒட்டிய தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்த குடும்பங்கள் கரமனைக்கும் பூஜப்புரைக்கும் கழக்கூட்டத்துக்கும், அதையும் தாண்டிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. போகிற அன்று வீட்டு நாயின் கதியையும் பூனையின் கதியையும் முடிவு செய்வது இந்த இரண்டு வாக்கியங்கள்தாம். இரண்டும் தவறு. தவறு என்பதோடு நில்லாமல் உயிரையும் வாங்குகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்கிறவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். வருஷக்கணக்காகத் தயிர்சாதம் பிசைந்து வைத்தவர்கள். பூனை குட்டி போட்டால் பரண்மேல் பழந்துணி விரித்துக் கொடுத்தவர்கள். அவர்கள் சொல்வது இவ்வளவு: பூனைக்கு இடம்தான் பெரிது, அதைப் பிடுங்கிக்கொண்டு போனால் திரும்பி ஓடிவரும், வழியில் வண்டியில் அடிபடும், ஆகவே விட்டுவிட்டுப் போவதே அதற்குச் செய்யும் நல்லது. நாய்க்கு எஜமானன் இருக்கிற இடம்தான் வீடு, அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். மிருகங்கள் நேற்றைய நினைப்பில் வாழ்வதில்லை, ஏக்கமெல்லாம் நம்முடையது. ஃபிளாட்டில் பிராணிகளை விடமாட்டார்கள். கடைசியாக, எண்பது வயது அம்மாவையே வேரோடு பெயர்த்துக்கொண்டு போகிற நேரத்தில் பூனைக்கும் நாய்க்கும் தனித் திட்டம் போடுவது வசதி உள்ளவர்களின் வேலை.

இவற்றில் எதுவும் முட்டாள்தனமாகத் தோன்றவில்லை. அதுதான் ஆபத்து. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. எந்த வீட்டோடு?

பூனை வீட்டோடு இருக்கும் என்றால் வீடு இருக்க வேண்டும். வலியசாலையில் விற்கப்படும் பழைய வீடு எத்தனை நாள் நிற்கிறது? வாங்குகிறவருக்கு வேண்டியது நிலம். ஓடு இறங்கும், உத்தரம் விலைக்குப் போகும், பிறகு ஜேசிபி வரும். “வீட்டோடு இருக்கட்டும்” என்று விட்டுவந்த பூனை, வீடில்லாத மனையோடு இருக்கிறது.

பூனைக்கு வீடு என்பது என்ன என்பதையும் கேட்டாக வேண்டும். அக்கிரகாரத்து வீடுகள் பொதுச்சுவரால் ஒட்டிக்கொண்டவை. ஓட்டுக்கூரை வரிசையாக ஓடும். அந்தக் கூரை வழியே நடந்து ஐந்தாறு வீட்டு முற்றங்களில் இறங்குவதுதான் அங்கே பூனையின் அன்றாடம். காலையில் ஒரு வீட்டு அடுக்களைப் படியில் பால், மதியம் இன்னொரு வீட்டுக் கொல்லையில் தயிர்சாதம், ராத்திரி சாலைக் கம்போளத்துக் கிட்டங்கிப் பக்கம் எலி. நடக்கிற வழியெல்லாம் நிலைப்படியிலும் தூணிலும் கன்னத்தை உரசிக்கொண்டே போகும். கன்னத்தில் இருக்கும் சுரப்பிகளின் வாசனை அங்கே ஒட்டும். நாளுக்கு நாள் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எங்கே அந்த வாசனை இருக்கிறதோ அங்கே பயமில்லை என்று அதற்குத் தெரியும். அந்த வாசனை வரைபடம்தான் அதன் வீடு.

ஒரு வீடு பூட்டப்பட்டால் அந்த வரைபடத்தில் ஒரு பால்கிண்ணம் குறைகிறது. அடுத்த வீடு இடிந்தால் கூரைவழி அறுகிறது. நிலைப்படியையும் தூணையும் பெயர்த்து எடுத்தால் வாசனையே போகிறது. “யாராவது பார்த்துப்பா” என்று ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டை நம்பி விட்டுப் போகிறது. அடுத்த வீடோ தானும் கிளம்பத் தயாராக இருக்கிறது. பூனைக்கு இடம் முக்கியம் என்ற அவர்களுடைய முதல் வாக்கியத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் முடிவு அவர்களுக்கு எதிராகத்தான் வருகிறது. இடம் அவ்வளவு முக்கியமானால், அந்த இடம் அழியப்போவது தெரிந்தும் அதை அங்கேயே விடுவது எப்படி நியாயம்?

2. பூனைக்கு ஆள் வேண்டாம் என்று யார் சொன்னது?

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் விட்டேலும் அவருடைய குழுவினரும் 2019இல் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பூனைக்குட்டியையும் அதை வளர்ப்பவரையும் குட்டிக்கு அறிமுகமே இல்லாத ஓர் அறையில் இரண்டு நிமிடம் விட்டார்கள். பிறகு வளர்ப்பவர் இரண்டு நிமிடம் வெளியே போனார், மறுபடி உள்ளே வந்தார். அவர் திரும்பி வந்ததும் குட்டி என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். மனிதக் குழந்தைகளுக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பைக் கணிக்கக் கையாளும் முறையை ஒட்டியது இது. வகைப்படுத்த முடிந்த குட்டிகளில் சுமார் 64 சதவீதம், ஆள் வந்ததும் பதற்றம் தணிந்து, ஒருமுறை வந்து உரசிவிட்டு, பிறகு தைரியமாக அறையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பின. வளர்ந்த பூனைகளிடமும் ஏறக்குறைய இதே விகிதம்தான். மனிதக் குழந்தைகளில் இது 65 சதவீதம் என்று கொள்ளப்படுகிறது.

கவனிக்க வேண்டியது அந்த அறை. அது பூனையின் வீடு அல்ல. அங்கே அதன் வாசனை இல்லை, கூரைவழி இல்லை, பால்கிண்ணம் இல்லை. தெரிந்த ஒரே பொருள் அந்த ஆள். அந்த ஆள் போதுமானவராக இருந்தார். வீடு மாற்றும்போது நேர்வது இதுதானே? புது இடத்தில் பூனைக்குத் தெரிந்த ஒரே பொருள் நீங்கள்.

“திரும்பி ஓடிவந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறோமே?” பார்த்திருப்பீர்கள், பொய்யில்லை. பூனைகள் சில மைல் தூரத்திலிருந்துகூட வழி கண்டுபிடித்து வரும். இதைப் பற்றிய பழைய சோதனைகளில் பெயர்பெற்றது ஹெரிக் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1922இல் எழுதியது. அவருடைய பூனை மறுபடி மறுபடி திரும்பி வந்தது. ஆனால் அது ஒரு தாய்ப்பூனை. திரும்பி வந்தது தன் குட்டிகளிடம். அதைச் சுவர்மேல் உள்ள பாசம் என்று எப்படிச் சொல்வது?

நம் ஊர்ப் பூனை திரும்பி ஓடுவதற்குக் காரணம் வேறு. டெம்போ புது வீட்டு வாசலில் நிற்கிறது. சாக்குப் பையை அவிழ்த்துப் பூனையை வெளியே விடுகிறார்கள், கதவு திறந்து கிடக்கிறது. அந்த இடத்தில் அதற்குச் சொந்தமான வாசனை ஒரு துளிகூட இல்லை, ஓடாமல் என்ன செய்யும்? புது வீட்டில் குறைந்தது மூன்று வாரம் வெளியே விடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது பூனை நலம் அறிந்தவர்கள் எங்கும் சொல்லும் விதி. அந்த மூன்று வாரத்தில்தான் அது புது நிலைப்படிகளில் கன்னம் உரசி இன்னொரு வரைபடம் எழுதுகிறது. மூன்று வாரம் கொடுக்காமல் மூன்றாம் நிமிடம் கதவைத் திறந்துவிட்டு, ஓடியதும் “பார்த்தியா, பூனைக்கு வீடுதான்” என்கிறோம். நம்முடைய அவசரத்துக்கு அதன் சுபாவத்தைச் சாட்சி சொல்ல வைக்கிறோம்.

3. நாய்க்கு ஆள் இருந்தால் போதும். ஆள் எங்கே இருக்கிறார்?

முதல் பாதி உண்மை. 1996இல் அமெரிக்காவில் டியூபரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வில், ஜோடியாக வளர்ந்த நாய்களைப் பழக்கமில்லாத இடத்தில் விட்டு, அவற்றின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோனை அளந்தார்கள். தனியாக விட்டபோது அது பாதிக்குமேல் கூடியது. வருஷக்கணக்காகக் கூடவே வாழ்ந்த ஜோடி நாய் பக்கத்தில் இருந்தும் குறையவில்லை. பராமரிக்கும் மனிதர் பக்கத்தில் இருந்தபோது அது அதிகரிக்கவே இல்லை. எதிர்த்தரப்பினர் இதைத் தாராளமாகத் தங்களுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொண்டால், அந்த ஆள் அங்கே இருந்தாக வேண்டும். இடமாற்றத்தின்போது நாய்க்கு என்ன நடக்கிறது? சுமட்டுத் தொழிலாளிகள் வரும் நாளில் காலில் இடறும் என்று யாரோ ஒருவர் வீட்டில் கட்டிப் போடுகிறோம். சாமானெல்லாம் போன பிறகு இரவில் ஏற்றிக்கொண்டு போகிறோம். திங்கட்கிழமை காலை எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். பழைய வீட்டிலும் வேலைக்குத்தான் போனோம், ஆனால் அங்கே திண்ணையில் பாட்டி இருந்தார், கீரைக்காரம்மா வந்தார், தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நாய்க்குத் தெரியும். மூடிய கதவுக்குப் பின்னால் பத்து மணி நேரம் என்பது அதன் வாழ்க்கையில் அதுவரை இல்லாத ஒன்று. புது வீட்டையும் தனிமையையும் ஒரே நாளில் அதன்மேல் சுமத்திவிட்டு, குரைக்கிறது என்றும் கதவைப் பிறாண்டுகிறது என்றும் புகார் சொல்கிறோம்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. கொல்லைப்புறத்து மண்ணில் ஒதுங்கி வளர்ந்த ஒரு நாயை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன். வழவழப்பான டைல்ஸில் அதன் நகங்கள் பிடிக்கவில்லை. நான்கு காலையும் அகட்டி வைத்துச் சுவரோரமாகவே நகர்ந்தது. லிஃப்டின் கதவு மூடியதும் உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டது. கீழே இறக்கினால் கார் நிறுத்துமிடத்தின் சிமென்ட் தரை. கல் பாவிய முற்றம், கல் பாவிய நடைபாதை, மண் எங்குமே இல்லை. அது சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தது, நின்றது, ஒதுங்காமலே திரும்பி வந்தது. அன்று முழுக்க அடக்கியது. மறுநாள் விடியற்காலையில் கதவோரம் கால்மிதியில் போய்விட்டது. திட்டு விழுந்தது, வாலைக் கவட்டுக்குள் செருகிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போனது. பழைய கொல்லையிலிருந்து இரண்டு தட்டு மண் அள்ளிவந்து கீழே ஒரு மூலையில் கொட்டியிருந்தால் தீர்ந்திருக்கும், வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

4. சத்தமில்லாமல் இருப்பதெல்லாம் பழகியதல்ல.

எதிர்த்தரப்பின் நடுநாயகமான வாதம் இதுதான், ஆகவே இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். “ரெண்டு நாள் கத்திச்சு, இப்போ சத்தமே இல்லை, பழகிடுச்சு.” அந்தப் பூனை எங்கே என்று தேடிப் பாருங்கள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், பரணில் பிரிக்காத அட்டைப் பெட்டிகளுக்கு இடையில் சுருண்டு கிடக்கும். கண்மணி விரிந்திருக்கும். தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே காய்ந்திருக்கும். பயந்த பூனை கத்துவதைவிட அடங்கிப்போவதுதான் அதிகம். காட்டில் தன்னைவிடப் பெரிய மிருகத்துக்கு இரையாகக்கூடிய சிறிய பிராணி அது. பலவீனத்தை வெளியே காட்டாதிருப்பது அதன் உடம்பில் ஊறியது.

“பசிச்சா தானா தின்னும்” என்பார்கள். நாய்க்கு இது ஓரளவு பொருந்தும். பூனைக்குப் பொருந்தாது. பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தின்னாமல் கிடந்தால் உடம்பின் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ப் படியத் தொடங்கும். கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஈரல் கெட்ட பிறகு பசியே எடுக்காது, தானாகத் தின்னும் என்று காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆண் பூனைக்கு இன்னொரு வினையும் உண்டு. மன அழுத்தத்தில் சிறுநீர்ப்பை அழன்று, குறுகலான மூத்திரக்குழாய் அடைத்துக்கொள்ளும். முக்கி முக்கி உட்காரும், சொட்டுகூட வராது. பார்க்கிறவர்கள் மலச்சிக்கல் என்று நினைப்பார்கள். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோகாவிட்டால் இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். “ரெண்டு நாள் விடு, பழகிடும்” என்ற வாக்கியம் குறிக்கும் அதே இரண்டு நாள்தான் இது. பொறுத்திருந்து பார் என்று அவர்கள் சொல்கிற காலமே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருக்க வேண்டிய காலம்.

பழகுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. பழகும், பழக வைத்தால். 2014இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வு ஒன்று இதற்குப் போதும். காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. மூன்றாவது நான்காவது நாளிலேயே பெட்டி கிடைத்த பூனைகள் தெளிந்துவிட்டன. கிடைக்காதவை அதே நிலைக்கு வர அதிக நாள் எடுத்தன. அதே காப்பகம், அதே தீனி. ஒரு பெட்டிதான் வித்தியாசம். தானாகப் பழகுவது என்ற ஒன்று இருந்தால் பெட்டியால் என்ன ஆகப்போகிறது?

5. மாத்திரை பதில் அல்ல.

இதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். சென்னை வரை போக வேண்டியிருந்தால் “அரை மாத்திரை கொடுத்துத் தூங்கப் பண்ணிடு” என்று யோசனை சொல்ல ஆள் இருக்கும். வீட்டிலிருக்கும் எந்த மாத்திரையையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரே மாத்திரையில் சாகலாம். மயக்க மருந்துகளில் சில உடம்பைக் கட்டிப்போடுமே தவிரப் பயத்தைக் குறைப்பதில்லை. அசைய முடியாமல் பயந்துகொண்டிருப்பது இன்னும் கொடுமை. பயணப் பதற்றத்துக்கென்று கால்நடை மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்கும் மருந்துகள் உண்டு. அவர் கொடுத்தால் கொடுங்கள், கிளம்புவதற்குச் சில நாள் முன்பே ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

6. “ஃபிளாட்டில் விடமாட்டார்கள்” என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

சட்டம் நேரெதிராகச் சொல்கிறது. பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பு தொடுத்த வழக்கில் 2021 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜெயசங்கரன் நம்பியாரும் கோபிநாத்தும் அடங்கிய அமர்வு தீர்ப்புச் சொன்னது. குடியிருப்போர் வளர்ப்புப் பிராணி வைத்துக்கொள்ளக் கூடாது என்று சங்கங்கள் போடும் விதிகள் சட்டவிரோதமானவை, அரசியல் சாசனத்துக்குப் புறம்பானவை, அமலாக்க முடியாதவை. பிறருக்குத் தொந்தரவு வராதபடி நியாயமான நிபந்தனைகள் விதிக்கலாம், ஒரேயடியாகத் தடை செய்ய முடியாது. அதே உயர்நீதிமன்றம் 2020 ஏப்ரலில், ஊரடங்கின் உச்சத்தில், தன் பூனைகளுக்குத் தீனி வாங்க வெளியே போக அனுமதி கேட்டு வந்த ஒருவருக்கு அனுமதி கொடுத்தது. சங்கச் செயலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு வரியை நம்பி, கொல்லைப்புறத்தில் வளர்ந்த உயிரைக் கைவிட்டுவிட்டு வருகிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்ததில்லை. படித்தவர்களும் செயலாளரிடம் எடுத்துச் சொன்னதில்லை.

வாடகை வீடு வேறு. தனி வீட்டுச் சொந்தக்காரர் ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறார் என்பது அவருக்கும் உங்களுக்கும் இடையில் உள்ளது. அதைக் கேட்க வேண்டிய நேரம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு. சமையலறை எந்த மூலை, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்றெல்லாம் கேட்கிறவர்களுக்கு “எங்ககிட்ட ஒரு நாய் இருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?

7. தெரு பார்த்துக்கொள்ளாது.

“நாய்தானே, தெருவில் பிழைச்சுக்கும்.” தெருவில் பிறந்து, எந்தத் தெரு யாருடையது என்று கடிபட்டுக் கற்ற நாய் பிழைக்கும். எட்டு வயது வரை கூடத்துப் பாயில் படுத்த நாய் முதல் ராத்திரியே அந்தத் தெருவின் நாய்களிடம் கிழிபடும். மனிதர்களை நம்பிப் பக்கத்தில் போகும், அடிபடும். உரிமையாளர் உள்ள நாய்க்கே இந்த ஊரில் என்ன நடந்தது என்பதை நாம் அறிவோம். 2021 ஜூனில், இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில், அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற லாப்ரடாரை அடித்தே கொன்றார்கள். உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்குக்கு அந்த நாயின் பெயரே சூட்டப்பட்டது. வீடும் ஆளும் இருந்த நாய்க்கே அந்தக் கதி.

கைவிடுவது குற்றம் என்பதும் நிறையப் பேருக்குத் தெரியாது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவு, பசியாலோ தாகத்தாலோ வாடக்கூடிய நிலையில் பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல்முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. இந்தத் தொகைக்கு இன்று யார் பயப்படுவார்கள்? தொகையின் அற்பத்தைப் பார்த்துக் குற்றத்தையும் அற்பமாக எடைபோடும் பழக்கம் வந்துவிட்டது, அதைத்தான் எதிர்க்கிறேன்.

விளைவு அந்த நாயோடு முடிவதில்லை. ஆண்டுதோறும் போட்ட வெறிநோய்த் தடுப்பூசி நின்றுபோகிறது. கருத்தடை செய்யாத பெண் நாயானால் ஆறு மாதத்தில் குட்டிகள். கேரளத்தில் நாய்க்கடிபட்டவர்களுக்கு இழப்பீடு முடிவு செய்ய நீதிபதி சிரி ஜகன் தலைமையில் உச்ச நீதிமன்றம் 2016இல் ஒரு குழுவே அமைக்க வேண்டி வந்தது. தெருநாய்த் தொல்லை என்று புகார் மனுவில் கையெழுத்துப் போடும் கைகளில், வீடு மாற்றியபோது சங்கிலியை அவிழ்த்துவிட்ட கையும் இருக்கிறது.

8. மனிதர்களுக்குப் பிறகுதான் மற்றவை என்பவர்களுக்கு.

இது மட்டும்தான் மனதைத் தொடும் வாதம், பதில் சொல்லக் கடினமானதும்கூட. ஐம்பது வருஷம் ஒரே அடுக்களையில் நின்ற அம்மாவைப் பெயர்த்துக்கொண்டு போகும் வீட்டில் எல்லோரும் களைத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த அம்மாவிடமும் இதே வாக்கியத்தைத்தானே சொல்கிறோம், “பழகிடும்மா” என்று? கோவில் மணி கேட்காத, எதிர்வீட்டு மாமியின் குரல் கேட்காத நாலாம் மாடியில் பகலெல்லாம் அவர் என்ன செய்வார்? பழைய வீட்டிலிருந்து உயிரோடு அவர் கூட வரக்கூடியது அந்தப் பூனை ஒன்றுதான். நேரத்துக்குத் தட்டு வைக்க வேண்டும், மடியில் ஏறினால் தடவ வேண்டும் என்று அவருக்கு ஒரு வேலை இருக்கும். அதையும் பறித்துவிட்டு, மனிதர்களுக்காகத்தான் பறித்தோம் என்கிறோம்.

செலவு என்ன? கிளம்புவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே கூடையைக் கூடத்தில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு வைக்க வேண்டும். சாக்குப்பைக்கு வேலையே இருக்காது. சாமான் ஏற்றும் காலையில் பூனையை ஏதாவது ஓர் அறையில் அடைத்துக் கதவில் ‘திறக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்ட வேண்டும். பூனை தொலைவது பெரும்பாலும் கதவெல்லாம் திறந்து கிடக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான். புது வீட்டில் பால் காய்ச்சி, கணபதி ஹோமப் புகை அடங்கி, சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிய பிறகே நாயையும் பூனையையும் அழைத்து வர வேண்டும். அவை படுத்த பழைய துணியைத் துவைக்காமல் கொண்டுவர வேண்டும். புது வீட்டுக்கு அழுக்குத் துணியா என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும், புது இடத்தில் அதற்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான். முதலில் ஒரே அறை, அதில் ஓர் அட்டைப்பெட்டி, மணல்தட்டு ஒரு மூலையில், தண்ணீர் எதிர்மூலையில். அது தானாக வெளியே எட்டிப் பார்த்த பிறகு அடுத்த அறை. பால்கனிக்கு வலை. நாய்க்குப் பழைய நேரத்திலேயே நடை, பழைய தட்டிலேயே சோறு, முதல் வாரம் வீட்டில் யாராவது ஒருவர். வலையைத் தவிர வேறெதற்கும் காசு வேண்டாம்.

உண்மையாகவே கொண்டுபோக முடியாதவர்கள் உண்டு. மகளின் கைக்குழந்தைக்கு ஒவ்வாமை, வெளிநாடு, முதியோர் இல்லம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘யாராவது’ என்ற ஆளிடம் விடக் கூடாது. பெயர் உள்ள ஒருவரிடம், வீடு காலி செய்வதற்குச் சில வாரம் முன்பே, தின்னும் நேரமும் தடுப்பூசிச் சீட்டும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும்.

9. யாருக்கும் சொந்தமில்லாத பூனை.

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சும்: “ஆறு வீட்டில் தின்ற பூனைக்கு நான் ஒருத்தி எப்படிப் பொறுப்பு?” நியாயமான கேள்வி. கூரைமேல் வாழ்ந்த பூனைகளில் பல அப்படிப்பட்டவை. கூண்டில் அடைத்து நாலாம் மாடிக்குக் கொண்டுபோனால் அவை தவித்துத்தான் போகும். அவற்றை அங்கேயே விடுவதை நான் எதிர்க்கவில்லை, பேசாமல் விடுவதைத்தான் எதிர்க்கிறேன். கருத்தடை செய்தாயிற்றா, இடிக்கும் முன் பரணில் குட்டிகள் இருக்கின்றனவா என்று பார்த்தாயிற்றா, சோறு வைக்கும் கடைசி வீடு எது என்று தெருவில் பேசியாயிற்றா? பேச வேண்டியவர்கள் பட்டியலில் மனை வாங்கியவரும் உண்டு. 2023ஆம் ஆண்டின் பிராணிகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள், தனி உரிமையாளர் இல்லாமல் ஒரு பகுதியில் பிறந்து வாழும் பிராணிகளைச் சமூகப் பிராணிகள் என்கின்றன. அவற்றுக்குத் தீனி வைக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பை அந்தப் பகுதியின் குடியிருப்போர் சங்கத்துக்கும் அடுக்ககச் சொந்தக்காரர் சங்கத்துக்கும் உள்ளாட்சிக்கும் கொடுக்கின்றன. மூன்று பழைய வீட்டு மனைகளைச் சேர்த்து எழும் அடுக்ககத்துக்கும் ஒரு சங்கம் வரும். விற்றவர்களில் சிலர் அதே கட்டடத்தில் ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். முதல் பொதுக்குழுவில் கார் நிறுத்துமிடத்தையும் பராமரிப்புக் கட்டணத்தையும் பேசி முடித்ததும், காம்பவுண்டுச் சுவர்மேல் இன்னமும் வந்து உட்காரும் பூனைகளுக்கு எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் சோறு வைப்பது என்பதையும் தீர்மானமாகப் போடச் சொல்லி அவர்கள் கேட்கலாம். கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பூனைகளின் தாய்க்குப் பால் ஊற்றியவர்கள் அவர்கள்தாம்.